மாத்திரை அட்டையை வாசிக்கத் தெரிய வேண்டும்: புதிய மனநல ஆலோசகர்களுக்கு ஒரு மருந்து வழிகாட்டி

மனநல மருத்துவரை ஒருவர் மாதம் ஒருமுறை பார்க்கிறார். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதே ஆள் ஆலோசகரின் எதிரே வாரம்தோறும் முக்கால் மணி நேரம் உட்காருகிறார். கை நடுங்குவதும், கால் ஓரிடத்தில் நிற்காததும், "மாத்திரைய நிறுத்திட்டேன், டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க" என்ற பேச்சும் முதலில் வந்து சேர்வது ஆலோசகரின் அறைக்குத்தான். பாடப்புத்தகத்தில் படித்த நரம்புக்கடத்திகளின் பட்டியல் அந்த நேரத்தில் பெரிதாகக் கைகொடுக்காது. என்ன கேட்பது, எதைப் பார்த்தால் பதற வேண்டும், யாரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அங்கே தேவை.

எல்லையை முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாம். தன் தொழிலின் வரம்புக்கு வெளியே உள்ள மருந்தையோ சிகிச்சையையோ எந்த மனநலப் பணியாளரும் பரிந்துரைக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 106 சொல்கிறது. "பாதியா உடைச்சுப் போடுங்க", "இன்னும் ரெண்டு நாள் பார்த்துட்டு நிறுத்திடுங்க" என்பவையும் பரிந்துரைதான். "மருந்து என் துறை இல்லை, டாக்டரைக் கேளுங்க" என்று கையைக் கழுவுவது சட்டப்படி சரி, தொழில்படி தவறு. கேட்பது, கவனிப்பது, எழுதி அனுப்புவது ஆகிய மூன்றும் ஆலோசகரின் வேலைக்குள் வருபவை.

முதல் சந்திப்பு: பையோடு வரச் சொல்லுங்கள்

முன்பதிவு செய்யும்போதே, வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் மருந்துச் சீட்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். "எல்லா" என்பதை விரித்துச் சொல்ல வேண்டும்: சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு மாத்திரை, மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, இருமல் மருந்து, சித்த மருந்துச் சூரணம், கருத்தடை மாத்திரை. வாயால் கேட்டால் "ஒரு தூக்க மாத்திரை, ஒரு நரம்பு மாத்திரை" என்ற பதில்தான் வரும். அந்த "நரம்பு மாத்திரை" வைட்டமினாக இருக்கலாம், வலிப்பு மருந்தாக இருக்கலாம், மனச்சோர்வுக்கான மருந்தாகவும் இருக்கலாம்.

அட்டையில் பார்க்க வேண்டியது பெரிய எழுத்து வணிகப் பெயரை அல்ல. அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரையும் மில்லிகிராமையும். பெயரின் வாலில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர். என்று இருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. அதை மென்றோ பொடித்தோ சாப்பிட்டால் ஒரு நாளுக்கான மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கும். மாத்திரை தொண்டையில் சிக்குகிறது என்று நசுக்கிச் சாப்பிடும் பெரியவர்கள் பலர் உண்டு. "பிளஸ்" போன்ற வால் இருந்தால் உள்ளே இரண்டு மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும். அப்போது ஓ.பி. சீட்டைத்தான் நம்ப வேண்டும்.

ஒவ்வொரு மருந்துக்கும் ஐந்து விவரங்களைக் குறியுங்கள்: மூலப்பெயர், அளவு, எந்த வேளை, எந்தத் தேதியில் தொடங்கியது, கடைசியாக எப்போது மாற்றப்பட்டது. ஆறாவது ஒன்றும் உண்டு: வீட்டில் இப்போது எத்தனை மாத்திரை இருக்கிறது? அதன் காரணம் பின்னால் வரும்.

"ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். "போன ஏழு நாளில் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். விட்டுப்போவது சகஜம்தான் என்ற தொனி இருந்தால் உண்மை வரும்.

மனச்சோர்வு, பதற்ற மருந்துகள்: நாட்காட்டியை மனதில் வையுங்கள்

நீங்கள் அதிகம் பார்க்கப்போவது எஸ்.எஸ்.ஆர்.ஐ. (மூளையில் செரோடோனின் என்ற நரம்புக்கடத்தியின் வேலையைக் கூட்டும் மருந்துகள்) வகை: எஸ்சிட்டலோபிராம் (வழக்கமாக 10 முதல் 20 மி.கி.), செர்ட்ராலின் (50 முதல் 200), ஃபுளூவாக்செட்டின் (20 முதல் 60). தொடக்க அளவு இதைவிடக் குறைவாக இருக்கலாம். இவற்றில் கவனிக்க வேண்டியது காலக்கணக்கு.

முதல் வாரத்தில் பலன் தெரியாது, தொந்தரவுதான் தெரியும்: குமட்டல், தலைவலி, வயிறு கலங்குவது, சிலருக்குப் படபடப்பு கூடுவது. பீதி நோய் உள்ளவர் இதைத் தன் நோய் முற்றிவிட்டதாக எடுத்துக்கொண்டு மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார். பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரத்தில் இது அடங்கும் என்று முன்கூட்டியே தெரிந்தவர் தாங்கிக்கொள்வார். மனநிலையில் மாற்றம் தெரிய 2 முதல் 4 வாரம், முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரம். எண்ணச் சுழற்சி நோய்க்கு (ஓ.சி.டி.) அளவும் கூடுதல், காத்திருப்பும் கூடுதல். 8 முதல் 12 வாரம் கொடுத்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள்.

இந்த நாட்காட்டிக்குள் இரண்டு அபாயங்கள் உண்டு. மனம் தேறுவதற்கு முன்பே உடலில் சுறுசுறுப்பு வந்துவிடலாம். சாக நினைத்தும் எழுந்திருக்கத் தெம்பில்லாமல் கிடந்தவருக்கு இப்போது தெம்பு வருகிறது. 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கையை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004இல் சிறார்களுக்கு விதித்து, 2007இல் 24 வயது வரை நீட்டியது. ஆகவே மருந்து தொடங்கிய அல்லது அளவு மாற்றிய முதல் மாதத்தில் வாரம் ஒரு சந்திப்பாவது இருக்க வேண்டும். தற்கொலை எண்ணத்தை ஒவ்வொரு முறையும் நேராகவே கேளுங்கள்.

அடுத்தது, ஆலோசகர் மகிழ்ந்து ஏமாறும் இடம். இரண்டாம் வாரமே "சூப்பரா இருக்கேன்" என்று வருகிறார். மூன்று மணி நேரம் தூங்கினாலும் களைப்பில்லை, பேச்சு நிற்கவில்லை, புதுத் தொழிலுக்கு நகையை அடகு வைத்துவிட்டார். இருதுருவ நோய் (மனச்சோர்வும் மிதமிஞ்சிய எழுச்சியும் மாறி மாறி வருவது) உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்து மட்டும் கொடுத்தால் மனம் மறுமுனைக்குத் தாவலாம். அன்றே மருத்துவரை அழைக்க வேண்டிய விஷயம் இது.

பாலியல் பக்கவிளைவைப் பற்றி நீங்கள் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை. ஆசை குறைவது, விந்து வெளியேறத் தாமதமாவது, உச்சம் வராமல் போவது இந்த வகையில் அடிக்கடி வருபவை. சொல்லக் கூச்சப்பட்டு மருந்தை நிறுத்துவார்கள். அல்லது "நரம்புத் தளர்ச்சி" என்று நினைத்து லாட்ஜில் முகாம் போடும் வைத்தியரிடம் பணத்தைக் கொடுப்பார்கள். "இந்த மாத்திரை சாப்பிடுறவங்க நிறைய பேருக்கு அந்த விஷயத்துல மாற்றம் வருது, உங்களுக்கு எப்படி?" என்ற ஒரு வரி போதும். மருத்துவர் அளவையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு.

"அழுகையே வரமாட்டேங்குது, சந்தோஷமும் வரல" என்பதையும் குறியுங்கள். உணர்ச்சி மழுங்குவது மருந்தாலும் வரும், நோயின் மிச்சத்தாலும் வரும். துக்க ஆலோசனை நடந்துகொண்டிருக்கும்போது இது உங்கள் வேலையையே தடுக்கும்.

நிறுத்தும்போது வருவது நோயா, மருந்தின் எதிர்வினையா?

மனச்சோர்வு மருந்தைத் திடீரென நிறுத்தினால் 2 முதல் 4 நாளில் தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, எரிச்சல், விசித்திரமான கனவு வரும். மருந்தைத் திரும்பத் தொடங்கினால் ஓரிரு நாளில் அடங்கும். நோய் திரும்புவது அப்படியல்ல; வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பழைய அறிகுறிகளே ஒவ்வொன்றாக வரும். பாராக்செட்டின், வென்லாஃபாக்சின் இரண்டும் நிறுத்தும்போது அதிகம் படுத்துபவை. உடம்பில் நீண்ட நாள் தங்கும் ஃபுளூவாக்செட்டின் குறைவாகப் படுத்தும். முதல் முறை மனச்சோர்வு வந்தவர் தேறிய பிறகும் குறைந்தது 6 முதல் 9 மாதம் தொடர்வது வழக்கம், அடிக்கடி திரும்புபவருக்கு 2 ஆண்டு அல்லது அதற்கு மேல். "நல்லாயிட்டேன், எதுக்கு இன்னும்?" என்ற கேள்வி மூன்றாம் மாதம் வரும். மருத்துவர் சொன்ன காலத்தை முதல் மாதமே உங்கள் குறிப்பில் எழுதி வைத்திருந்தால் அப்போது உதவும்.

குளோனாசெபாம், அல்பிரசோலாம்

இந்த அமைதியூட்டும் மருந்துகள் அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும். அதனால்தான் வருபவருக்கு இதன்மேல் நம்பிக்கை, எஸ்.எஸ்.ஆர்.ஐ. மேல் சந்தேகம். 2 முதல் 4 வாரத்துக்குள் முடிக்க வேண்டியது ஆண்டுக்கணக்கில் ஓடுவதைப் பார்ப்பீர்கள். பழைய சீட்டையே காட்டி வாங்குவார்கள். அல்பிரசோலாம், டயசெபாம், சோல்பிடெம் ஆகியவை மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் (மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை) இருப்பவை. கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும்.

நம் ஊரில் குறிப்பாகப் பார்க்க வேண்டியது எஸ்சிட்டலோபிராமும் குளோனாசெபாமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது. சாப்பிடுபவருக்கு அது ஒரு மாத்திரை, உடம்புக்கு இரண்டு. அதை ஒருநாள் திடீரென நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து நின்றுபோகும். தூக்கமின்மை, நடுக்கம், கடும் பதற்றம் வரும். நீண்ட நாள் சாப்பிட்டவருக்கு வலிப்பும் வரலாம். எஸ்.எஸ்.ஆர்.ஐ. போதைபோல் ஏங்க வைப்பதில்லை, குளோனாசெபாம் பழக்கமாகும். "மாத்திரை அடிமையாக்கிடுமா?" என்ற கேள்விக்கு ஒரே பதில் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

சிகிச்சையையும் இது தொடுகிறது. பயப்படும் சூழலை எதிர்கொள்ளும் பயிற்சிக்கு முன் அரை மாத்திரை போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறியவர் கற்றுக்கொள்வது "மாத்திரை இருந்ததால் தப்பித்தேன்" என்பதையே. பையில் வைத்திருந்தாலே போதும், அது தாயத்தாகிவிடும். பயிற்சி தொடங்குமுன் மருத்துவரிடம் பேசி, தேவைக்குப் போடும் மாத்திரையை எப்படிக் கையாள்வது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மேடைப் பயத்துக்குத் தரப்படும் பிராப்ரனலால் வேறு வகை, பழக்கமாக்காது. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. நண்பரிடம் கடன் வாங்கிச் சாப்பிடும் மாணவர்களிடம் இதைக் கேளுங்கள்.

குளோனாசெபாமோடு மது சேர்ந்தால் மூச்சு மட்டுப்படலாம். இதில் "கொஞ்சமா" என்ற கணக்கு கிடையாது.

மனச்சிதைவு மருந்துகள்: பதற்றம்போல் தெரியும் ஒன்று

ரிஸ்பெரிடோன், ஒலான்சபைன், அரிப்பிபிரசோல், ஹாலோபெரிடால் போன்றவற்றைச் சாப்பிடுபவர் உட்கார முடியாமல் எழுந்து நடக்கிறார், கால் மாற்றி மாற்றி வைக்கிறார், "உள்ளுக்குள்ள எரியுது, ஒரு இடத்துல இருக்க முடியல" என்கிறார். ஆலோசகர் இதைப் பதற்றம் என்று நினைத்து மூச்சுப் பயிற்சி கொடுக்கிறார். இதன் பெயர் அக்கதீசியா, மருந்தின் பக்கவிளைவு. கேட்க வேண்டிய கேள்வி: "மனசு பதறுதா, இல்ல காலா சும்மா இருக்க மாட்டேங்குது?" மருந்து தொடங்கிய அல்லது கூட்டிய தேதியோடு பொருத்திப் பாருங்கள். இந்தத் தவிப்பு தாங்காமல் தற்கொலைக்கு முயல்பவர்கள் உண்டு; ஆகவே அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் ஓரிரு நாளில் மருத்துவரிடம் போக வேண்டும். மருத்துவருக்கும் இது நோய் முற்றியதுபோல் தெரிந்து அளவு கூட்டப்படலாம் என்பதால், நீங்கள் பார்த்ததை எழுத்தில் அனுப்புங்கள்.

மருந்து தொடங்கிய முதல் சில நாளில் கழுத்து ஒருபக்கம் திருகிக்கொள்வது, கண் மேலே செருகிக்கொள்வது, நாக்கு தடித்து வெளியே தள்ளுவது வரலாம். வீட்டார் கோயிலுக்கோ மந்திரிக்கவோ தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மருத்துவமனையில் ஓர் ஊசியில் பெரும்பாலும் சரியாகிவிடும் தசை இறுக்கம் இது. இதைத் தடுக்கத் தரும் டிரைஹெக்சிபெனிடிலைச் சிலர் மிதப்புக்காகக் கூடுதலாகப் போடுவதும் உண்டு.

பெண்களிடம் மாதவிலக்கு நின்றதா, மார்பில் பால் கசிகிறதா என்று கேளுங்கள். ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு இரண்டிலும் வரலாம். கர்ப்பம் என்று மாமியார் வீட்டில் கொண்டாடி, பிறகு பழி சொல்லும் அளவுக்குப் போகும் விஷயம் இது. ஒலான்சபைனில் பசி பேய்போல் எடுக்கும். எடையும் சர்க்கரையும் கொழுப்பும் தொடக்கத்திலும் மூன்றாம் மாதத்திலும் பிறகு ஆண்டுதோறும் பார்க்கப்பட்டதா என்று கேட்பது உங்களுக்குக் கடினமில்லை.

இதே வகையைச் சேர்ந்த குளோசபைன் சாப்பிடுபவருக்கு மூன்று விதி. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே ரத்த அணுப் பரிசோதனை; வெள்ளணுக்கள் குறைந்திருக்கலாம். முதல் 18 வாரம் வாரம்தோறும் ரத்தப் பரிசோதனை எடுப்பதும் இந்த வெள்ளணுக் குறைவைப் பிடிக்கத்தான். மலச்சிக்கலை அலட்சியப்படுத்தக் கூடாது, குடல் அடைப்பு வரை போகும். புகை பிடிப்பவர் திடீரென நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். புகையில் உள்ள பொருட்கள்தான் அதுவரை அதை வேகமாகக் கரைத்துக்கொண்டிருந்தன. ஒலான்சபைனுக்கும் இது ஓரளவு பொருந்தும். புகை நிறுத்த ஆலோசனை தருபவர், நிறுத்தும் தேதியை மருத்துவருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

லித்தியம்: விரதமும் வெயிலும்

இருதுருவ நோயில் மனநிலையைச் சீராக்கத் தரும் லித்தியத்தில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகல். ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள்; 1.5ஐத் தாண்டினால் நஞ்சின் அறிகுறிகளை எதிர்பார்க்கலாம். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய்க் கொடுத்தால் எண் பொய்யாக ஏறித் தெரியும். ரத்தம் கொடுத்த பிறகுதான் அந்த மாத்திரை.

உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வாந்தி, பேதி, சித்திரை வெயிலில் நாள் முழுக்கக் கட்டட வேலை, பழனிக்குப் பாதயாத்திரை, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், ரம்ஜான் நோன்பு ஆகியவற்றில் மாட்டிக்கொள்வார்கள். ரத்த அழுத்தம் என்று திடீரென உப்பை நிறுத்துவதும் இதில் சேரும். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் இரண்டும் அளவை ஏற்றும். நோன்பு மாதமும் மாலை போடும் காலமும் முன்கூட்டியே தெரிந்தவைதான்; ஒரு மாதத்துக்கு முன்பே பேச்சை எடுங்கள்.

விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் சாதாரணம். டம்ளர் தண்ணீர் சிந்தும் அளவுக்குக் கை ஆடுவது, குழறும் பேச்சு, தள்ளாடும் நடை, வாந்தி பேதி சேர்ந்து வந்தால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். குடித்திருக்கிறார் என்று வீட்டார் விட்டுவிடக்கூடிய தோற்றம் அது.

மற்ற மனநிலைச் சீராக்கிகளில் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண் கருவுற்றால் பிறக்கும் குழந்தைகளில் 10 சதவீதத்துக்குப் பெரிய பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 சதவீதத்துக்கு வளர்ச்சிச் சிக்கலும் வரலாம். கல்யாணப் பேச்சு தொடங்கியதைக் குடும்பம் மருத்துவரிடம் மறைக்கும், உங்களிடம் சொல்லும். அங்கேயே பேச்சை எடுத்து, தானாக நிறுத்தாமல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். லாமோட்ரிஜினை மிக மெதுவாகத்தான் கூட்டுவார்கள். தோலில் தடிப்பு, வாயில் புண் வந்தால் அன்றே காட்ட வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே திரும்பத் தொடங்குவது ஆபத்து. முதல் படியிலிருந்து வர வேண்டியிருக்கும்.

குடியை நிறுத்தும் மாத்திரை

டைசல்ஃபிரமைக் கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கிறேன் என்று மனைவி ரகசியமாகச் சொல்வது அபூர்வமில்லை. அது தெரியாமல் அவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் 14 நாள் வரை இந்த எதிர்வினை வரலாம். தெரிந்து, சம்மதித்து, கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். மனைவியைக் குற்றவாளியாக்காமல், கலப்பதை இன்றே நிறுத்தி மருத்துவரிடம் பேச வையுங்கள்.

நாள்தோறும் குடிப்பவரை "நாளையிலிருந்து சுத்தமா நிறுத்துங்க" என்று ஆலோசகர் உற்சாகப்படுத்துவதும் ஆபத்தே. நிறுத்திய ஓரிரு நாளில் வலிப்பும், 2 முதல் 4 நாளில் குழப்பமும் மாயத் தோற்றங்களும் வரலாம். மருத்துவர் மேற்பார்வை முதலில், உறுதிமொழி பிறகு.

உடனே அனுப்ப வேண்டியவை

கடும் காய்ச்சலோடு உடம்பு கட்டைபோல் விறைத்து நினைவு தடுமாறினால், அவர் மனச்சிதைவு மருந்து சாப்பிடுபவர் என்பதைச் சொல்லி அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள். எஸ்.எஸ்.ஆர்.ஐ. சாப்பிடுபவர் வலிக்கு டிராமடால் அல்லது டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள இருமல் மருந்து சேர்த்தபின் வியர்த்து, நடுங்கி, தசை துடித்து, பேதியானால் அதுவும் அவசரம். எஸ்.எஸ்.ஆர்.ஐ. சாப்பிடும் முதியவர் புதிதாகக் குழம்பிப் பேசினால் ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம். ஆம்புலன்ஸுக்கு 108, இரவில் பேச ஆள் தேவைப்பட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416. பின்னது 24 மணி நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம்.

வீட்டில் எத்தனை மாத்திரை இருக்கிறது என்று கேட்கச் சொன்னதன் காரணம் இங்கே. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மனச்சோர்வு மருந்துகளும் லித்தியமும் அளவு மீறினால் உயிரைப் பறிக்கும். தற்கொலை எண்ணம் உள்ளவரின் வீட்டில் மூன்று மாத மாத்திரை இருக்கக் கூடாது. வார அளவில் வாங்குவது, மீதியை வீட்டில் ஒருவர் பூட்டி வைப்பது, இறந்துபோன பாட்டியின் பழைய மாத்திரைகளை அப்புறப்படுத்துவது என்று வருபவரோடும் குடும்பத்தோடும் பேசி முடிவு செய்யுங்கள்.

மருத்துவருக்கு எழுதும் குறிப்பு

சம்மதத்தை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் வாங்குங்கள். சிகிச்சை தரும் மற்றப் பணியாளர்களோடு தேவையான தகவலைப் பகிர மனநலச் சட்டத்தின் பிரிவு 23 இடம் தருகிறது என்றாலும், சொல்லிவிட்டுச் செய்வதே உறவைக் காக்கும். குடும்பக் கதை வேண்டாம். மருத்துவர் முப்பது நொடியில் படித்து முடிக்க வேண்டும். நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் நீங்கள் முடிவு செய்து எழுதாதீர்கள். பார்த்தது, தேதி, கேள்வி, இவ்வளவே:

"வயது 34, ஆண். 3ஆம் தேதி முதல் ரிஸ்பெரிடோன் 2 மி.கி.யிலிருந்து 4 மி.கி. 8ஆம் தேதி முதல் உட்கார முடியவில்லை, 45 நிமிடத்தில் ஏழு முறை எழுந்தார். காலில் தவிப்பு என்கிறார்; குரல் கேட்பது குறைந்திருக்கிறது. தூக்கம் 4 மணி நேரம். தற்கொலை எண்ணம் கேட்டேன், இல்லை என்றார். மாத்திரை ஒரு நாளும் விடவில்லை, வீட்டில் 20 மாத்திரை. அக்கதீசியாவா என்று பார்க்க இந்த வாரமே நேரம் தர முடியுமா?"

இதன் நகலை வருபவரின் கையிலும் கொடுங்கள். கூட்டத்தில் டாக்டரின் முன்னால் வாய் அடைத்துப்போகும்போது அந்தத் தாளை நீட்டினால் போதும். திரும்பி வரும்போது புதுச் சீட்டைப் படம் எடுத்து, மாறிய அளவையும் தேதியையும் உங்கள் பட்டியலில் திருத்திக்கொள்ளுங்கள்.